அத்தை சொல்ல வேண்டிய பேர்

பிள்ளை பிறந்து நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது, இன்னும் பேர் இல்லை. பேர் கிடைக்காமல் இல்லை. ரெண்டு பேர் கிடைத்ததுதான் வினை.

சலீமா என்றுதான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் பெற்றவள் வேல்விழி. பிரசவம் பார்த்த சாத்தூர் நர்ஸம்மாவின் பேர் அது. வலி உயிரை வாங்கிய நேரத்திலும் வேல்விழிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சிஸ்டர், ஒங்க பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவைத்தாள்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "அரபிப் பேரும்மா. ஒரு சேதாரமும் இல்லாம, முழுசா, பத்திரமா இருக்கிறவள்னு அர்த்தம். நாங்க சலாம் சொல்றோம்ல, அதுவும் இதுவும் ஒரே வேருதான். இப்பப் பேசாம முக்கு."

முக்கினாள். பிள்ளை வந்து விழுவதற்குள் முடிவும் எடுத்துவிட்டாள். சிவகாசிப் பக்கம், பட்டாசு ஆபீஸை நம்பிப் பிழைக்கிற வீட்டில், பெண்ணுக்கு இதைவிட என்ன பேர் வேண்டும்?

ஆனால் அவர்கள் குடும்பத்தில் பேர் வைப்பது பெற்றவள் கையில் இல்லை. அத்தைக்காரி மடியில் போட்டு, காதில் மூன்று தரம் சொன்னால்தான் அது பேர். அத்தை முருகம்மாளோ, இருக்கன்குடி மாரியிடம் வேண்டி வாங்கிய பிள்ளைக்கு மாரித்தாயைத் தவிர வேறு பேர் தன் வாயில் வராது என்றுவிட்டாள்.

"அது என்னட்டி சலீமா? நம்ம வகையறாவுல கேட்ட பேரா?"

"நல்ல அர்த்தம் மதினி."

"என்ன அர்த்தம்? சொல்லு, கேப்போம்."

வேல்விழியின் கண் மதினி கையில் போய் நின்றது. முருகம்மாளின் வலது கையில் ரெண்டு விரல் கிடையாது. ஒரு தீபாவளி சீசனில், பட்டாசு ஆபீஸில் மருந்து வெடித்துப் போனது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சேதாரம் இல்லாதவள் என்று எந்த வாயால் சொல்ல? குத்திக்காட்டினது மாதிரி ஆகிவிடாதா? "அரபியில... நல்ல அர்த்தம்" என்று மென்று முழுங்கினாள்.

"நல்லாருக்கு போ, ஒன் அரபி!"

கடைசியில் அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஆயிற்று. பொட்டலத்துக்கு ஒரு பூவாக ரெண்டு பொட்டலம் கட்ட முனியராஜ்தான் ஆள். வேல்விழிக்குப் புருஷன், முருகம்மாளுக்குத் தம்பி. வெள்ளைப்பூ வந்தால் சலீமா, செவப்பு வந்தால் மாரித்தாய். "வெள்ளை வரல, ஒங்களுக்கு ஒரு மாசம் சோறு கெடையாது" என்று பெண்டாட்டி காதைக் கடித்தாள். "ஏலே, செவப்பு வரல, அக்கான்னு வாசப்படி மிதிக்காத" என்று அக்காவும் ஒரு போடு போட்டாள். பாவம், மனுசனுக்கு வேர்த்து ஊற்றியது.

சன்னதிக்கு எதிரே பொட்டலங்களைப் போட்டார்கள். கூட்டத்தில் நின்ற ஒரு சின்னப் பிள்ளையை ஒரு பொட்டலம் எடுக்கச் சொன்னார்கள். முருகம்மாள் பிரித்தாள். உள்ளே ஒரு வெள்ளை, ஒரு செவப்பு. வெடுக்கென்று மற்றதையும் பிரித்தாள். அதிலும் ஒரு வெள்ளை, ஒரு செவப்பு.

"ஏலே முனியராசு! என்னலே இது?"

"பட்டாசுக் கம்பெனியில கிப்ட் பாக்ஸு போடுறவன்க்கா நான். எல்லாப் பெட்டியிலயும் எல்லாச் சரக்கும் ஒண்ணொண்ணு வைக்கணும். கை அப்பிடியே பழகிப்போச்சு."

"நாசமாப் போவ! அம்மனுக்கே கிப்ட் பாக்ஸு போடுதியா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேல்விழிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாக மாறிவிட்டது. இனி மறைத்து என்ன பண்ண? "மதினி, தப்பா நெனைக்காதீக. எந்தச் சேதாரமும் இல்லாம முழுசா இருக்கிறவ, அதான் அர்த்தம். ஒங்க மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்? ஒங்க கைக்கு வந்தது இவ கைக்கு வந்துரக் கூடாதுன்னுதான்..." என்று தேம்பினாள்.

முருகம்மாள் விரல் போன கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு திரும்பினாள். முனியராஜ் பயந்து ரெண்டடி பின்னால் போனான்.

"அடி கூறுகெட்டவளே" என்றாள் முருகம்மாள். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானட்டி? எம் மருமவ நல்லாருக்கணும்னு எனக்கு ஆசை கெடையாதா?"

பிள்ளையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று பிள்ளை மேலேயே விழுந்தது. காதோரம் குனிந்து சலீமா, சலீமா, சலீமா என்று மூன்று தரம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கோவிச்சுக்கிடாத தாயி. இம்புட்டு நாளும் இவளுக்காக நான் ஒங்கிட்ட கேட்டதும் இதேதான். இப்ப அரபியில கேட்டுட்டேன்னு வச்சுக்கோ."