பழையவளின் கடைவாய்ப் பல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சில்லறைப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், அதையெல்லாம் விட்டுவிடுங்கள். பெரிய பொய் ஒன்றுதான். அதற்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

உப்புப் பாலைக்கு மேலே, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் உயரத்தில் எங்கள் ஊர். பதினேழு குடும்பம், ஒரே ஊற்று. ஊற்றைச் சுற்றியுள்ள புல்லில்தான் கம்பளிக்கும் சுமைக்கும் வளர்க்கிற எங்கள் லாமாக்கள் பிழைக்கின்றன. லித்தியம் எடுக்க வந்த கம்பெனிக்காரன் அந்த ஊற்று தனக்கு வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனான். இங்கே வழிவழியாக யாரும் குடியிருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று அவன் வக்கீல் எழுதிக் கொடுத்தான். அட பாவி! எங்கள் வீட்டுச் சுவர்களே, எங்களுக்கு முன்னால் இங்கே வாழ்ந்து செத்த பழையவர்களின் சுவர்கள்மேல்தான் நிற்கின்றன. ஆனால் நீதிபதிக்குச் சுவர் போதாது, காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதத்துக்காகத்தான் தலைநகரிலிருந்து நொயெலியாவை வரவழைத்தோம். மண்ணைத் தோண்டிப் பழங்காலத்தைப் படிக்கிற டாக்டர். முப்பது வயதிருக்கும். கடப்பாரையை இறக்குவதற்கு முன்பே என்னிடம் வந்தாள்.

"எர்மிந்தாக்கா, முதல்ல நீங்க பழையவங்களைக் கேட்டுச் சொல்லுங்க. அவங்க வேணாம்னா நான் மூட்டை கட்டிட்டுப் போயிடுவேன்."

"அப்புறம் எதுக்கும்மா அவ்வளவு படிச்சே?" என்றேன்.

"செத்தவங்களைச் சாமான் மாதிரி எண்ணிப் பெட்டில போடத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. எங்கேயோ இருக்கிறவங்க எழுதின பாடம் அது. இங்க வந்து பார்த்தா நீங்க அவங்களுக்குச் சோறு போடறீங்க, திட்டறீங்க, வழி கேக்கறீங்க. நான் மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும்."

பழையவர்களிடம் கேட்பது எங்கள் ஊரில் என் வேலை. சின்னக் குழி பறித்து, சாராயமும் சிகரெட்டும் கோக்கா இலையும் கொடுத்துவிட்டு, ஒரு பிடி இலையை நானும் மெல்ல வேண்டும். இனித்தால் சம்மதம். கசந்தால் கையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அன்று கசந்தது. சும்மா கசப்பில்லை, நாக்கு சுருண்டுகொண்டது. நொயெலியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தம்பி காசியானோ கடப்பாரையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் லாமாக்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. இந்த ஊற்று போனால் இதுகள் எங்கே போகும், நாங்கள் எங்கே போவோம் என்று நினைத்தேன்.

"இனிக்குது. தோண்டும்மா," என்றேன்.

கல் அடுக்கிய குழிக்குள் பழையவள் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வறண்ட மண்ணில் தோல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கன்னம் உப்பியிருந்தது. உள்ளே மென்ற இலை. காசியானோ குனிந்து பார்த்து, "உன்னை மாதிரியே ஒரு பக்கமா மெல்றா பாருக்கா," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைப் பெட்டியில் வைத்துப் பள்ளிக்கூட அறைக்குக் கொண்டுபோனோம். அவள் கடைவாய்ப் பல் ஒன்றைக் கழற்றி, காலம் பார்க்கிற ஆய்வகத்துக்கு நொயெலியா அனுப்பினாள்.

மறுநாள் காலையிலிருந்து எனக்கு எல்லாமே கசந்தது. தேநீர், சூப்பு, சர்க்கரை, எல்லாம். கண்ணைக் கசக்கியபோது உதட்டில் வழிந்த கண்ணீர்கூட. பரவாயில்லை, பொய் சொன்ன வாய்தானே, கசக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் மூன்றாம் நாள் லாமாக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டன. ஊற்றைச் சுற்றி வட்டமாக நிற்கும், தலையைக் குனியாது. எல்லாம் கழுத்தைத் திருப்பி என்னையே பார்க்கும். நொயெலியா தண்ணீரைச் சோதித்துவிட்டு, ஒரு குறையுமில்லை என்றாள். அவள் கண்முன்னேயே ஒரு குட்டி தாகத்தில் மடங்கி விழுந்தது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வெயிலில் உட்கார்ந்து நொயெலியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "நான் கேட்டதே நீங்க உண்மையைச் சொல்வீங்கன்னுதானேக்கா," என்றாள். எழுந்து போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பழையவளை அதே குழியில், அதே திசை பார்த்து உட்கார வைத்தோம். இலை மென்றேன். இன்னும் கசந்தது.

"ஒரு பல் குறையுது. திரும்ப வாங்க முடியாதா?" என்றேன்.

"பொடிச்சிருப்பாங்கக்கா."

என் வாயிலும் ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. காசியானோவிடம் கம்பி முறுக்குகிற குறட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? ஏற்கெனவே பாதி வாய் பொக்கை!"

"உன்கிட்ட அழகு பார்க்கச் சொல்லலைடா. கொடு இங்கே."

ரத்தத்தோடு வந்த பல்லை அவள் மடியில் வைத்தேன். நாங்கள் கல்லை மூடுவதற்குள் லாமாக்கள் தலை குனிந்து குடிக்கத் தொடங்கிவிட்டன. நான் அங்கேயே மண்ணில் விழுந்து அழுதேன். உதட்டில் வழிந்தது உப்புக் கரித்தது.

வழக்கு விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வகக் கடிதம் வந்தது. படித்துக்கொண்டே வந்த நொயெலியா பாதியில் நின்றுவிட்டாள்.

"பல்லு பழசில்லையாம். இந்தப் பல்லுக்காரங்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணு வாக்கில பிறந்தவங்களாம். எதையோ மாத்தி அனுப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க." பிறகு மெதுவாக, "அக்கா, நீங்க எந்த வருஷம்?" என்றாள்.

"எழுபத்தொண்ணு."

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். பிடுங்கின இடத்தில் ஒரு பல் இருந்தது. பழுப்பேறி, கல்லில் அரைத்த மாவைத் தின்று தின்று தட்டையாகத் தேய்ந்த பல்.

"எத்தனை நாளா இது?"

"மறுநாளே வந்துட்டுது. சொன்னா யார் நம்புவீங்க? நான் சாப்பிட உக்காந்தா அவதான் முதல்ல மெல்றா."

காசியானோ குதித்தான். "பிடுங்குங்க டாக்டர்! இதை அனுப்பினா நமக்கு வேண்டிய காகிதம் வந்துடும். இல்லேன்னா ஊத்து போச்சு!"

நொயெலியாவின் கை என் தாடைவரை வந்தது. வந்து நின்றது. என்னைப் பார்த்தாள். ஊற்று எனக்கு உயிர்தான். ஆனாலும் பழையவள் பல்லை இன்னொரு தடவை எடுக்க நான் யார்? வாயை மூடிக்கொண்டேன். நொயெலியா கையை எடுத்துக்கொண்டாள். காசியானோ இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை.

காகிதம் இல்லாமல் கோர்ட்டில் போய் நின்றோம். கம்பெனி வக்கீல் எங்களைப் பார்த்து இளித்தான். நீதிபதி என்னைக் கூண்டில் ஏற்றி, "எத்தனை காலமா அங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை. என் பாஷையும் இல்லை. தொண்டையில் கல் உருளுகிற மாதிரி ஒரு பேச்சு. இந்த மலையில் யாரும் பேசி முந்நூறு வருஷமாவது ஆகியிருக்கும் என்று நொயெலியா பிறகு சொன்னாள். தட்டச்சுப் பெண் அடிக்க முடியாமல் கையைத் தூக்கிக்கொண்டாள். வக்கீலின் பேனா கீழே விழுந்தது, அவன் எடுக்கவில்லை. நீதிபதி தன் நாற்காலிக்குக் கீழே, தரையை, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் நேரில் வந்து பார்க்கும்வரை ஊற்றுப் பக்கம் ஒரு இயந்திரமும் போகக்கூடாது என்று எழுதி, முகம் வெளுத்துப்போய் எழுந்து போனார்.

திரும்பும் பஸ்ஸில் நொயெலியா என் காதோரம் கேட்டாள்.

"என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுது."

"எவ்வளவு காலமா இருக்கோம்னு சொன்னாங்களா?"

"அதைச் சொல்லலை. இந்தக் கோர்ட்டுக் கட்டடம் கட்டினப்போ மண்ணுக்கடியில இருந்தவங்களைக் கேட்டீங்களான்னு கேட்டா."