ஒருநாள் விட்டு ஒருநாள்

என் புருஷன் காத்தமுத்துவுக்கு ரப்பர் மரத்தைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. தன் வயிற்றைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவர். தொண்ணூற்றெட்டில் குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவியபோது பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் புவாட் வயிற்றைத் திறந்து கழுவினார். விலாப் பக்கம் ஒரு குழாய் வைத்து, அதன் நுனியில் போத்தலைத் தொங்கவிட்டார்.

"பொழச்சிக்குவாரு" என்றார். நானும் நம்பினேன். காய்ச்சல் இறங்கி, மனிதர் வெற்றிலை கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

பிறகு காய்ச்சல் திரும்பியது. வயிறு பலகைபோல் இறுகியது. மறுபடி திறக்க வேண்டிவரலாம், இந்த உடம்பு தாங்குமா தெரியாது என்றார் டாக்டர்.

"போத்தல்ல ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டபடி அவர் போர்வையை விலக்கினார். குழாய் மடிக்கப்பட்டு, உடுத்தியிருந்த சாரத்தில் உருவிய நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"நான்தாங்க கட்டினேன்" என்றார் இவர், பெருமையாகவே. "நேத்து முழுக்க வடிஞ்சிச்சி. இன்னைக்கி ஓய்வு. மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தாங்க வெட்டுவோம். தெனமும் வெட்டினா வத்திப்போயிரும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நூலாலேயே இவரைக் கட்டியிருப்பேன். டாக்டர் கோபப்படவில்லை. நூலை அறுத்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் காலத்துல வயிறு பழுத்தா டாக்டர்மார் அபின் குடுத்துட்டுக் காத்திருப்பாங்க. முக்காவாசிப் பேர் செத்துப்போவாங்க. அப்புறம்தான் தெறந்து கழுவி, மிச்ச சீழ் வெளிய வரக் குழாய் வைக்கப் படிச்சாங்க. நீங்க அதைக் கட்டி, பழைய காலத்துக்கே போயிட்டீங்க. மரத்துல வடியிறது பால். உங்ககிட்ட வடியிறது வெசம்."

போத்தலில் மஞ்சளாக இறங்கத் தொடங்கியது. இவருக்கு முகம் வெளுத்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் இவர் கை மெல்லக் குழாயைத் தேடிப் போனது.

"இவ்வளவு போனா ஒடம்புல என்ன மிஞ்சும், விஜயகலா?"

நான் அந்தக் கையைப் பிடித்தேன். "மரம் பட்டுப்போனா தோட்டத்துத் தொரை வேற மரம் நடுவாரு. நீங்க பட்டுப்போனா எனக்கு யாரு நடுவா?"

கை குழாயை விட்டது. காய்ச்சலும் விட்டது, வயிற்றை மறுபடி திறக்க வேண்டிவரவில்லை. குழாயை எடுக்கும்வரை, கட்டிலைத் தாண்டிப் போகிற எல்லாரிடமும் இவர் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போத்தல்ல வடியிதா, பாருங்க."