கோழிக்குக் கட்டிய ஈரச் சாக்கு

கோழிக்கு வெயில் ஆகாது என்பதை என் வீட்டுக்காரர் யோகேஷிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மல்லசமுத்திரத்துக்கு வெளியே சின்னுசாமியின் முட்டைக்கோழிப் பண்ணைக்கு அவர்தான் சூப்பர்வைசர். சித்திரை பிறந்துவிட்டால் ஷெட்டின் இரண்டு பக்கமும் சாக்குகளை நனைத்துத் தொங்கவிடுவார். மேலே குழாய்கள் பொடிப்பொடியாகத் தண்ணீர் தெளிக்கும். ஒரு கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் போதும், சாப்பிட்ட கையோடு ஓடுவார். ஓடட்டும், அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறோம்.

எனக்கு ஆத்திரம் கோழி மேல் இல்லை. வால்வு செட் மேல்.

ஈரோட்டில் யாரோ விற்ற பழைய ஆம்ப்ளிஃபையர். நாங்கள் குடியிருக்கும் பண்ணை வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி வால்வுகள் சிவப்பாக எரியும். அப்போதுதான் பாட்டு இனிமையாக வருமாம். நன்றாகத்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது அடுப்பு. பாட்டு போடாதபோதும் அணைக்கமாட்டார். அணைத்து அணைத்துப் போட்டால் வால்வின் ஆயுசு குறைந்துவிடுமாம். என் ஆயுசைப் பற்றி அந்த மனுஷனுக்கு ஒரு கவலையும் இல்லை. எனக்கு எட்டாம் மாதம். ஒன்பதில்தான் அம்மா வீட்டிலிருந்து அழைத்துப்போக வருவார்கள். ஏசி கிடையாது, மேல்தளம் பகலெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கும், கட்டில் போட இடம் இருப்பது அந்த ஹாலில் மட்டும்தான்.

வராந்தாவில் வையுங்கள் என்றேன். தீவனத் தூசி ஏறிவிடும் என்றார். குழந்தை பிறக்கும்வரை அணைத்து வையுங்கள் என்றேன். மறுநாள் ஷெட்டிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து, நனைத்து, செட்டுக்குப் பின்னால் ஜன்னலில் கட்டினார். பண்ணைத் தெர்மாமீட்டர் ஒன்றை அதன் பக்கத்தில் மாட்டினார். பாட்டுச் சத்தம் முதலாளி காதுக்குப் போகக் கூடாதென்று கதவையும் மற்ற ஜன்னலையும் சாத்தினார். காற்று குறுக்கே ஓடும் ஷெட்டில் ஈரச் சாக்கு குளுமை தரும். சாத்திய வீட்டில் என்ன தரும்? இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் கோழி வளர்த்தவருக்கு இது தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெர்மாமீட்டரைப் பார்த்தவர், என் கட்டிலோரம் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கிப்போய்ச் செட்டுக்கு நேராகத் திருப்பி வைத்தார். "செத்த நேரம் பொறுத்துக்க புள்ள, வால்வு ரொம்பக் காயுது" என்றார். பாட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு ஷெட்டுக்கு நடந்தேன். கூண்டு வரிசைக்கு நடுவே கிடந்த தீவன மூட்டை மேல் உட்கார்ந்தேன். எச்ச நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் முகத்தில் தண்ணீர் பட்டதும் அழுகை வந்துவிட்டது.

சின்னுசாமி வந்து பார்த்தார். யோகேஷுக்குப் போன் போட்டு, உடனே ஷெட்டுக்கு வரச் சொன்னார்.

ஈரத் தலையோடு ஓடிவந்தவர் முதலில் பார்த்தது கோழிகளின் வாயை. ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில்தான் என்னைப் பார்த்தார்.

"கோழி வாயப் பொளந்தா ஓடியாறீங்க. நானும் வாயப் பொளந்துட்டுத்தானுங்க கெடக்கறேன்" என்றேன்.

முதலாளி முன்னால் அவர் முகம் கறுத்துப்போயிற்று. "செட்டை அணைச்சுட்டேன் பிரியா. எந்திரி, ஊட்டுக்குப் போலாம்."

நான் திறந்துபோட்டு வந்த கதவு வழியாகப் பாட்டு ஷெட்டு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் கேட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. சின்னுசாமியைப் பார்த்து, "ஆள உட்டு அந்தச் செட்டைத் தூக்கித் தீவனக் குடோன்ல வெய்யச் சொல்லுங்க. அப்பறம் நான் ஊட்டுக்குப் போறனுங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

செட் இப்போது குடோனில் இருக்கிறது, தூசியோடு. சாயங்காலம் யோகேஷ் அங்கே போய், வேர்த்து ஒழுகப் பாட்டுக் கேட்டுவிட்டு வருகிறார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. தெர்மாமீட்டரைக் கழற்றி என் கட்டில் காலில் கட்டியிருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் அதைப் பார்த்த பிறகுதான் அவர் சட்டையைக் கழற்ற வேண்டும்.