நாலு கிலோ குறைந்த நாடு

என்னை முதலில் ஏமாற்றியவன் எடைக்காரன் பூதலிங்கம். நாட்டை நாட்டோடு ஒப்பிட்டு நிறுக்கும் வேலை எங்கள் ஊர் வெங்காய மண்டிக்கு வந்த வருஷம், நம் நாட்டின் சராசரிக் குடும்பம் எது என்று அதிகாரிகள் அவனிடம் கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை. என் வீட்டைக் கை காட்டினான்.

அந்த மண்டியில் நான் முப்பத்தொரு வருஷம் மூட்டை தூக்கியவன். அவன் நிறுப்பான், நான் தூக்குவேன். அவன் மீது எனக்கு அதற்கு முன்பும் வருத்தங்கள் உண்டு. அவற்றை வேறு இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. என்னையும் என் மனைவி பேச்சியம்மாளையும் வீட்டுச் சாமான்களையும் ஆட்டையும் ஏற்றினார்கள். எங்கள் மகள் வள்ளிமயிலையும் ஏற்றினார்கள். அவள் அந்த வீட்டு ஆளே இல்லை. கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக இரண்டு நாள் முன்புதான் கூட்டி வந்திருந்தோம். நிறுக்கும் நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதெல்லாம் வீடுதான் என்று பூதலிங்கம் சொல்லிவிட்டான். மருமகன் அப்போது வேறொரு ஊரில் வேறொரு நாட்டோடு ஒப்பிடப்பட்டுக்கொண்டிருந்தான்.

மண்டியின் நடுவில் இரண்டு இரும்பு மேடைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உயரத்துக்கு ஒரு வட்டமும் முள்ளும். ஒன்றில் எங்கள் நாடு. மற்றதில் வடக்கே தூரத்தில் இருக்கும் ஒரு குளிர் நாடு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளியில், தரையில், நீலப் பெயிண்டால் ‘கடல்’ என்று எழுதியிருந்தது.

குளிர் நாட்டின் சராசரிக் குடும்பம் ஒரே ஆள்தான். ஆர்விட் என்று பெயர். என் வயது இருக்கும். அவருடைய மேடையில் இரண்டு மாடி வீடு, வீட்டுக்குள் ஒரு பியானோ, வெளியே ஒரு படகு, படகு மழையில் நனையாமலிருக்க ஒரு கொட்டகை எல்லாம் இருந்தன. வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சியம்மாள் கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வாரம் பேசிக்கொண்டே இருந்ததில் அவருக்கு வந்துவிட்டது.

எங்கள் மேடையில் முள் இருநூற்று இருபத்தொன்றில் நின்றது. ஆட்கள் மூன்று பேரும் சேர்ந்து நூற்று நாற்பத்தொன்று. சாமான்களும் ஆடும் எண்பது. பெரிய நாடு இல்லைதான், ஆனாலும் எண்பது கிலோ இருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி.

வெங்காயம் நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பார்கள். சாக்கு வெங்காயம் ஆகாது. அதே மாதிரி, நாட்டை நிறுக்கும்போது ஆளைக் கழித்துவிட்டு ஆளிடம் இருப்பதைத்தான் எழுத வேண்டும். இதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் பூதலிங்கம் ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ கழித்தான்.

“எழுபத்தஞ்சு யாரு வே இங்க? நான் நாப்பத்தெட்டு. அவ நாப்பத்தொண்ணு. பிள்ளைத்தாச்சிப் பொண்ணே அம்பத்திரண்டுதான்.”

“ஒவ்வொரு சாக்கையும் உதறி நிறுத்தா கழிக்கோம்? எல்லாச் சாக்குக்கும் ஒரே கழிவு. ஆளுக்கு எழுபத்தஞ்சுன்னு தாள்ல அடிச்சு வந்திருக்கு.”

“அது அந்தப் பக்கத்து ஆளு எடை வே.”

“நீரும் ஆளுதானே? இல்ல, நான் ஆளு இல்லேன்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும். கழிக்காம விட்டுருதேன்.”

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கடுதாசி எழுதத் தெரியாது. அது அவனுக்குத் தெரியும்.

மூன்று எழுபத்தைந்து, இருநூற்று இருபத்தைந்து. எங்கள் நாடு மைனஸ் நாலு கிலோ என்று எழுதினான்.

ஆர்விட் நூற்று இரண்டு கிலோ. அவருக்கும் எழுபத்தைந்துதான் கழித்தான். மிச்சம் இருபத்தேழு கிலோ அவர் நாட்டுச் சொத்தில் சேர்ந்துவிட்டது. மொத்தம் நாற்பத்திரண்டு டன். பேச வந்த பிறகு ஒருநாள் அவர் தன் வயிற்றைக் காட்டி, “இதுல உங்க கிலோவும் இருக்கும்போல அண்ணாச்சி,” என்று வருத்தப்பட்டார். அவர் பேரில் எனக்குக் கோபம் கிடையாது.

அவர்கள் நம்மைவிட எத்தனை மடங்கு என்றுதான் முடிவை எழுத வேண்டுமாம். மைனஸ் நாலால் வகுத்தால் அவர்கள் மைனஸ் பத்தாயிரம் மடங்கு மேல் என்று வந்தது. அப்படி எழுதினால் அந்த நாட்டுக்கு மனவருத்தம் ஏற்படும் என்று தலைமை அதிகாரி சொன்னார். ஆகையால் எங்கள் நாடு பூஜ்யத்துக்கு மேலே வரும்வரை இரண்டு மேடையிலிருந்தும் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

பேச்சியம்மாள் அன்று சாயங்காலம் கேட்டாள்.

“ஏங்க, இங்கயே பிள்ளை பொறந்துட்டா அதுக்கும் எழுபத்தஞ்சு கழிப்பானா?”

“கழிப்பான்.”

“பிள்ளை மூணு கிலோதானே இருக்கும்.”

“சாக்கு சின்னதா இருந்தாலும் கழிவு ஒண்ணுதான்.”

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மைனஸ் எழுபத்தாறு. “அப்புறம் என்னைக்கு எறங்கி வீட்டுக்குப் போவ? அது நடக்கப் பழகுறதே இந்தத் தகரத்துலதானா?” என்றாள். பிள்ளை வருவதற்கு இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் நாலு கிலோ தேடியாக வேண்டும்.

சாப்பிட்டு எடையைக் கூட்டலாம் என்று பார்த்தேன். அரசாங்கம் கொடுத்த சோற்றை உதவி என்று தனியாக எழுதிக் கழித்தார்கள். செரித்த பிறகும் கழித்தார்கள். வள்ளிமயிலுக்கு வாரம் அரைக் கிலோ கூடியது. அதை வரவு வைக்கச் சொன்னேன். வெளியே வராத சரக்கை எழுத முடியாது என்றான் பூதலிங்கம்.

ஆர்விட் ஒருநாள் கடலுக்கு மேலே ஒரு நாற்காலியை நீட்டினார்.

“பிடிங்க அண்ணாச்சி. எங்கிட்ட பன்னெண்டு கெடக்கு. இருக்கது ஒரு குண்டி.”

நாற்காலி ஆறு கிலோ. முள் ஏறியது. பூதலிங்கம் நாற்காலிக்கு ஆறு கிலோ கூட்டினான், கடன் என்று ஆறு கிலோ கழித்தான், வட்டி என்று கால் கிலோ சேர்த்துக் கழித்தான். நாற்காலியை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வட்டி எங்களிடமே தங்கிவிட்டது. மைனஸ் நாலே கால்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் இலவம்பஞ்சு மெத்தை நன்றாகக் குடித்து ஏழு கிலோ ஏறியது. நாடு பூஜ்யத்தைத் தாண்டி இரண்டே முக்காலில் நின்றது. பேச்சியம்மாள் பாத்திரங்களைக் கட்டவே ஆரம்பித்துவிட்டாள். பூதலிங்கம் குடையோடு வந்தான். மெத்தையில் கையை வைத்து, வெங்காயத்தை அமுக்குவதுபோல அமுக்கிப் பார்த்தான்.

“ஈரக் கழிவு ஏழு கிலோ,” என்றான்.

“வானத்துலேர்ந்து வந்தது வே. யாரு கொடுத்த உதவி? யாரு கொடுத்த கடன்?”

“நனைஞ்ச வெங்காயத்தை என்னைக்காவது முழு எடைக்கு விட்டிருக்கேனா? நீரே சொல்லும்.”

விட்டதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் விட்டதில்லை.

கார்த்திகையில் ஆடு குட்டி போட்டது. ஆட்டுக்குட்டி ஆள் கிடையாது, சரக்கு. அதனால் கழிவு இல்லை. இரண்டு கிலோ கூடி மைனஸ் இரண்டே காலுக்கு வந்தோம். தலைமை அதிகாரி நேரில் வந்து ஆட்டுக்கு மாலை போட்டார். வள்ளிமயிலின் வயிற்றைப் பார்த்து, “கொஞ்சம் பொறுத்துக்கம்மா, நாட்டுக்காக,” என்றார்.

அவள் பொறுத்துக்கொண்டாள். நாள் தாண்டி ஒன்பது நாள் பொறுத்தாள். பத்தாம் நாள் மதியம், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“எம்மா, இடுப்பு வலிக்கு.”

பேச்சியம்மாள் முதலில் முள்ளைப் பார்த்தாள். பிறகுதான் மகளைப் பார்த்தாள்.

ஆர்விட் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, பிள்ளைய இங்க அனுப்புங்க. மாடியில மெத்தை விரிச்சாச்சு. குழாயைத் திருகினா வெந்நீரே வரும். எங்க தராசுல ஒரு எழுபத்தஞ்சு போனா யாருக்குத் தெரியப்போவுது? நாப்பத்திரண்டு டன்னு.”

“தலைப்பிரசவம் தாய்வீட்லதான்,” என்றேன்.

“இங்க பெத்தா தாய்வீட்டுக்கு என்னைக்குப் போவாளாம்?” என்று பேச்சியம்மாள் கேட்டாள். “அனுப்புங்க. நானும் கூடப் போயி பேறு பாத்துட்டு வாரேன்.”

பூதலிங்கம் பேனாவோடு வந்து நின்றான். “மேடை மாறினா நாடு மாறினதா எழுதணும் மைனி. போனா திரும்ப வர வழி கிடையாது. ரெண்டு பேரும் போனா இவரு தனியாத்தான் சராசரியா இருக்கணும்.”

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். எடுத்த காலைக் கீழே வைத்துவிட்டாள்.

வள்ளிமயில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “எப்பா, தாண்டட்டா?”

“தாண்டும்மா. ஒரு முழந்தான்.”

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டினாள். ஆர்விட் அந்தப் பக்கம் கை கொடுத்தார். கதவு சாத்தப்பட்டது.

எங்கள் எடையில் அவளுக்கு எழுதியிருந்த ஐம்பத்திரண்டு கிலோ போயிற்று. அவளுக்காகக் கழித்திருந்த எழுபத்தைந்து திரும்பி வந்தது. பூதலிங்கம் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். எங்கள் நாடு இருபதே முக்கால் கிலோ. ஒரே மதியத்தில் இருபத்துமூன்று கிலோ முன்னேறிய நாடு வேறு கிடையாது என்று தலைமை அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார். மண்டியில் எல்லோரும் கை தட்டினார்கள். அவர்கள் நம்மைவிட இரண்டாயிரம் மடங்கு என்று முடிவு எழுதிக் கையெழுத்தானது. இரண்டு நாட்டுக்கும் திருப்தி.

முடிவு ஆனதும் மேடையைக் காலி செய்துவிட வேண்டும். மறுநாள் வெள்ளைப்பூண்டுக்கு அந்த இடம் தேவையாம். குளிர் நாட்டை வீட்டோடு தூக்கிப் பெரிய வண்டியில் வைத்துத் துறைமுகத்துக்கு ஓட்டினார்கள். மண்டி வாசலைத் தாண்டும்போது மாடி அறையில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். ஆணா பெண்ணா என்று கத்திக் கேட்டேன். ஆர்விட் ஜன்னலைத் திறந்து ஏதோ சொன்னார். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இப்போது மாதம் ஒரு பார்சல் வருகிறது. பிள்ளையை அனுப்பச் சட்டத்தில் இடமில்லை, அதன் எடையை அனுப்ப இடமிருக்கிறது. பிள்ளை அந்த மாதம் எத்தனை கிலோவோ அத்தனை கிலோவுக்கு ஓர் இரும்பு எடைக்கல்லை, கடிதத்தோடு அந்த நாட்டு அலுவலகம் அனுப்புகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டும். ஆணா பெண்ணா என்று அதில் இருக்காது. அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

பேச்சியம்மாள் உத்திரத்தில் சேலையால் தொட்டில் கட்டியிருக்கிறாள். புதுக் கல் வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கிடத்துவாள். செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். துடைத்துத் துணியில் சுற்றி என் மடியில் வைப்பாள். நான் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

போன மாதக் கடிதத்தில் எட்டு கிலோ என்று இருந்தது. கல்லை வாங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏழுதான். முப்பத்தொரு வருஷம் தூக்கிய கை. பார்சல் எல்லாம் மண்டி வழியாகத்தான் வருகிறது. அதைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பூதலிங்கத்திடம் போனேன்.

“கப்பல்ல வர்ற வழியில தேஞ்சிருக்கும் வே,” என்றான். “தூரம் கொஞ்சமா?”

இரும்பு அப்படித் தேயாது. என் பேரப்பிள்ளையில் ஒரு கிலோ அவனிடம் இருக்கிறது. அவன் அதை எனக்குத் தர வேண்டும்.