அண்ணன் சொன்னதாக அவள் சொன்னது

மூக்குக்கண்ணாடி வந்து சேர்ந்த அன்றைக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடந்தது. விடுமுறை தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. அண்ணன் குடும்பம் மொத்தமாக வந்து இறங்கப்போகிறது. ஜன்னல் திரைகளைக் கழற்றி ஊறப்போட்டாயிற்று, மெத்தைகள் மொட்டைமாடியில் காய்கின்றன, கூடத்து நடுவில் ஏணி நிற்கிறது. ஏணி உச்சியில் மெக்கானிக் விளக்குச் சரம் மாட்டிக்கொண்டிருக்கிறார். கீழே அவர் மனைவி இடுப்பில் கைவைத்து நின்று கோணல் பார்க்கிறாள். அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அங்கே வருகிற போகிற எல்லாருக்கும் அவள் மாத்திரை அக்கா.

மெக்கானிக் என்றால் வாஷிங்மெஷின் மெக்கானிக். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் வந்து மனிதருடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. குரல்தான் கொஞ்சம் தூக்கல். அவர் ரகசியம் சொன்னால் தெருமுனையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, காது போனதே என்று மூலையில் உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை. வீட்டையே தனக்குத் தோதாகப் பேசவைத்துவிட்டார். வாசல்மணி அடித்தால் விளக்கெல்லாம் நீலமாகும். ஓவனில் கேக் வெந்துவிட்டால் மஞ்சள். மாத்திரை அக்கா அவரைக் கூப்பிட வேண்டுமா, போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், வீடே சிவந்துவிடும். ஒரு தடவை சிவந்தால் ‘இங்கே வாங்க’ என்று அர்த்தம். மூன்று தடவை சிவந்தால் ‘உங்களை என்ன செய்தால் தகும்’ என்று அர்த்தம். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, மனிதராகவே உட்கார்ந்து நோண்டி நோண்டிக் கண்டுபிடித்தது.

அப்புறம் அந்தத் தரை பெருக்கும் மெஷின். அப்பளம் மாதிரி வட்டமாக இருக்கும். செத்துப்போச்சு என்று வாடிக்கைக்காரர் ஒருவர் தூக்கிப்போட்டதைக் கொண்டுவந்து பிரித்து, உள்ளே சிக்கியிருந்த முடியையெல்லாம் பிடுங்கிப் போட்டு எழுப்பிவிட்டார். விடுமுறை வேலையில் பாதியை அதுதான் பார்த்தது. கட்டிலுக்கு அடியில் புகுந்து, அவள் வீடெல்லாம் தேடிச் சலித்துப்போன சீப்பை இழுத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

“இந்த வீட்டுல சொன்ன பேச்சைக் கேக்குற ஒரே ஆம்பிளை இதுதான்” என்பாள்.

கண்ணாடியை அனுப்பியவள் மகள். வெளியூரில் வேலை, இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை, அதனால் தனக்குப் பதிலாகக் கண்ணாடி. பார்க்கச் சாதாரண மூக்குக்கண்ணாடிதான். ஆனால் எதிரே யார் பேசினாலும் அந்தப் பேச்சு அவர் கண்ணுக்கு நேரே பச்சை எழுத்தாக ஓடும். போட்டிருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். மெக்கானிக் ஏணியில் நின்றபடியே மாட்டிக்கொண்டார்.

“என்ன எழவு கண்ணாடியோ, இதுக்கும் ஒரு சார்ஜ் போடணுமா” என்று அவள் முணுமுணுத்தாள்.

“என்ன எழவு கண்ணாடியோ, இதுக்கும் ஒரு சார்ஜ் போடணுமா” என்று மேலேயிருந்து அப்படியே திரும்பி வந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்கினாரா குதித்தாரா என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஏதாவது பேசு, பேசும்மா” என்கிறார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. “உருளைக்கிழங்கு வாங்கணும்” என்றாள். அதையும் வாசித்துவிட்டு, ஏதோ பெரிய செய்தி கேட்டதுபோல் மனிதர் கண் கலங்கினார்.

மறுநாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. காய்கறிக்கடை, முடிவெட்டும் கடை, தையல்கடை என்று எல்லா இடத்துக்கும் தனியாகக் கிளம்பிவிடுவார். முன்னெல்லாம் அவள் கூடப் போய் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். இப்போது திரும்பி வந்ததும் செய்தி வாசிப்பது அவர்.

“உனக்குத் தெரியுமா? முடிவெட்டுறவரு ஒவ்வொரு தடவையும் ‘ஒட்ட வெட்டவா’ன்னுதான் கேட்டிருக்காரு. நான் ஏதோ சௌக்கியம் விசாரிக்கிறாருன்னு நெனச்சுத் தலையை ஆட்டியிருக்கேன். அதான் எனக்கு இத்தனை வருஷமா ஜெயில்ல இருந்து வந்த மாதிரி தலை!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் ஒன்று உறைத்தது. முடிவெட்டுகிறவர் பேச்சு தெரிந்துவிட்டது. அண்ணன் பேச்சு தெரிந்தால் என்ன ஆவது?

விஷயம் இதுதான். அண்ணன் நல்லவர், தங்கைமேல் உயிர். வாய்தான் சுத்தமில்லை. மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிடுவார், அதுவும் மாப்பிள்ளைக்குக் காது கேட்காது என்பதால் அவரை எதிரில் வைத்துக்கொண்டே. குடும்பம் கூடினால் மாத்திரை அக்கா கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் அவர் முகத்தைப் பார்த்து, உதடு தெரிய நிதானமாகத் திருப்பிச் சொல்லுவாள். சொல்லும்போது கொஞ்சம் மாற்றிச் சொல்லுவாள்.

போன வருடம் அண்ணன் விளக்குகளைப் பார்த்து, “இதென்ன வீடா, சர்க்கஸ் கூடாரமா?” என்றார். அவள் கணவரிடம், “அண்ணன் அசந்துபோயிட்டாரு. இந்தக் கை யாருக்கு வரும்ங்கிறாரு” என்றாள். அதற்கு முந்தின வருடம் அண்ணன் பெருமூச்சு விட்டு, “உன் தலையெழுத்து, இவனைக் கட்டி இழுக்கணும்னு இருக்கு” என்றார். அந்த அப்பாவி மனுஷன் எதிரே உட்கார்ந்து, எல்லாருக்கும் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்.  அவள் முகம் மாறாமல், “உங்களை நெனச்சா அண்ணனுக்குப் பெருமையா இருக்காம்” என்றாள்.

மருந்துக்கடையில் பழகிய புத்தி. டாக்டர் கிறுக்கிய சீட்டில் எதைப் படித்தாலும், “ஒண்ணும் பயப்படாதீங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்” என்று சொல்லித்தான் மாத்திரையை நீட்டுவாள். வீட்டிலும் அதையே செய்தாள். செய்து செய்து, அண்ணன் குடும்பமே தன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்று கணவர் நம்பும்படி ஆகிவிட்டது. இப்போது அந்தப் பச்சை எழுத்து ஒரே பந்தியில் எல்லாவற்றையும் குழிதோண்டிப் புதைத்துவிடும். மனிதர் உடைந்துபோவார். ‘நீயுமா என்னை ஏமாத்தினே’ என்று கேட்டால் இவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, இந்தத் தடவை வாயைக் கொஞ்சம் பாத்துப் பேசுங்க. அவருக்கு எல்லாம் தெரியுற மாதிரி கண்ணாடி வந்திருக்கு.”

“நான் என்னிக்கும்மா தப்பாப் பேசினேன்?” என்றார் அண்ணன், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மூன்று உதாரணங்களை எடுத்துவிட்டாள். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “சரி, நான் வாயே திறக்கல, போதுமா?” என்று போனை வைத்துவிட்டார்.

விடுமுறையும் வந்தது, அண்ணன் குடும்பமும் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்ததும் போலீஸைக் கண்டதுபோல் விறைத்துப்போனார்கள். “வணக்கம் மாப்பிள்ளை, வீடு மிகவும் அழகாக உள்ளது” என்று அண்ணன் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் சொன்னார். அண்ணி வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தடவை கனைத்துக்கொண்டாள். மெக்கானிக்கோ தலைகால் புரியாமல் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துப் பார்த்து வாசித்து, எல்லாருக்கும் நேராகப் பதில் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாத்திரை அக்காவுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு, ஓடாத கடிகாரம்போல் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் பாதி வரைக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. ஓவனில் வெந்த கோழி அப்படி ஒரு பதம். அண்ணனே தங்கை போட்ட கட்டளையை மறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து எவனோ வாசல்மணியை அடித்தான். ஒரே நொடியில் வீடு முழுக்க நீலம். அண்ணன் பதறிப்போய்க் கையை உதற, கிண்ணத்துக் குழம்பு முழுவதும் அவர் வெள்ளைச் சட்டையில் அபிஷேகம்.

“அட, இந்தக் கிறுக்கன் வீட்டுல நிம்மதியா ஒரு வாய் திங்க முடியுதா! என் தங்கச்சி என்ன பாவம் பண்ணினாளோ, இவன்கிட்ட வந்து மாட்டியிருக்கா!”

சொல்லி முடித்த பிறகுதான் அண்ணனுக்கே தெரிந்தது. மேஜையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மாத்திரை அக்காவின் பார்வை கணவரின் கண்ணாடியிலேயே நின்றது. எழுத்து ஓடி முடிகிற வரைக்கும் அவர் கண்கள் மெல்ல இடமிருந்து வலமாகப் போயின. 

மெக்கானிக் நிமிர்ந்தார். “மச்சான்!” என்றார், தன் வழக்கமான முழக்கத்தில். “இப்பத்தான் மச்சான் நீங்க பேசுற மாதிரி இருக்கு! இத்தனை வருஷமா தேனா ஒழுகுறீங்களே, மனுஷனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு எனக்கு ஒரே கவலை!”

“தேனா? இவரா?” என்று அண்ணிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள்.

“நான் எப்பய்யா தேனா ஒழுகினேன்?” என்று அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை மேஜைக்கு அடியில் விழாத கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பிடிக்க முடியவில்லை. அண்ணன் ஒன்று சொல்ல, மெக்கானிக் வாசித்துவிட்டு இரண்டு திருப்பிக் கொடுத்தார். வழக்கமாகக் கோழியைப் பார்க்கிறேன், கேக்கைப் பார்க்கிறேன் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஓடுகிறவர், அன்றைக்கு நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் அண்ணன் கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் மாட்டிப் பார்த்தார். அண்ணி ஏதோ சொன்னாள்.

“ஐயையோ, நான் கேக்காத மாதிரி இருந்ததெல்லாம் எழுத்தா வருதே! பிடிங்க மாப்பிள்ளை” என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் எல்லாரும் உண்ட மயக்கத்தில் கூடத்தில் சாய்ந்துவிட்டார்கள். அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அவளே ஆரம்பித்தாள். “எம்மேல கோவமா?”

“எதுக்கு?”

“இத்தனை வருஷமா பொய் சொன்னேனே.”

அவர் சிரித்தார். “எனக்குக் காதுதானே போச்சு, கண்ணுமா போச்சு? உங்கண்ணன் மூஞ்சி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கும். நீ வந்து பெருமைப்படுறாருங்கிற.”

“அப்ப மொதல்ல இருந்தே தெரியுமா?”

“ஏம்மா, உங்கண்ணன் சொல்றாரு, இந்தக் கை யாருக்கு வரும்னு. உங்கண்ணியும் அதையே சொல்றாங்க. அவங்க புள்ளையும் அதையே சொல்றான். குடும்பமே சேந்து ஒரே வசனமா பேசும்? அது யாரோட பேச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?”

அவர் பக்கத்தில் வந்து நின்றார். துலக்கின தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“வருஷம் பூரா நீ என்கிட்ட என்ன பேசுவ? உருளைக்கிழங்கு வாங்கணும், கேஸ் தீந்துபோச்சு. உங்கண்ணன் வந்தாத்தான் என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா வரும் உன் வாயில. அதுக்காகத்தான் ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஏணியைத் தூக்கிடுவேன். அவரு என்ன திட்டினா எனக்கென்ன? திட்டத் திட்ட நீ புகழுவ.” தட்டை வைத்தார். “இப்ப இந்தக் கண்ணாடி வந்துடுச்சு. அவரு சொல்றது எனக்கே தெரிஞ்சுபோகும். இனிமே நீ யாரு பேரைச் சொல்லி என்னைப் புகழுவ? நெசமாச் சொல்றேன், பொட்டியைப் பிரிச்ச அன்னைக்கே எனக்கு அதுதான் பயம்.”

 தன் பயம் மட்டும்தான் இந்த வீட்டில் இத்தனை நாளாக நடமாடுகிறது என்று நினைத்திருந்தாள். நேருக்கு நேர் இந்த மனிதரைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை. அவமானமாக இருந்தது, அழுகை வந்தது, கூடவே புதுப்பெண்போல் வெட்கமும் வந்து தொலைத்தது. சட்டென்று திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயைப் பார்த்துப் பேசினாள்.

“எங்கண்ணனை விடுங்க. இது நான் சொல்றது. கடையில யாராவது உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேட்டுட்டா போதும், நிறுத்தாம பேசிக்கிட்டே இருப்பேன். வரிசையில நிக்கிறவங்க எல்லாம் திட்டுவாங்க. மொதலாளியே ரெண்டு தடவை கூப்பிட்டுச் சத்தம் போட்டாரு. அவ்வளவு பெருமை எனக்கு உங்க மேல. மறுபடி மொதல்லேர்ந்து கட்டிக்கச் சொன்னாலும் உங்களைத்தான் கட்டிக்குவேன். மூஞ்சியப் பாத்துச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் எங்கண்ணன் வாயில போட்டுச் சொன்னேன்.”

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று பயந்து திரும்பினாள். கண்ணாடியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, சட்டை நுனியால் முதலில் அதையும் பிறகு கண்களையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாதிதான் படிச்சேன்” என்றார் ரகசியமாக, அதாவது தெருமுனைக்குக் கேட்கும்படி. “அப்புறம் எழுத்தெல்லாம் கலங்கிப்போச்சு. இன்னொரு தடவை சொல்லேன்.”

“சொல்லித் தொலைம்மா!” என்று கூடத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. “இந்த மனுஷன் போடுற சத்தத்துல எவன் தூங்குறது?”

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தானே அவருக்கு மாட்டிவிட்டாள். பிறகு, இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தபடி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.