கால் நிமிஷக் காற்று

"எண்ணு," என்றான் அபுதாஹிர், பாக்கெட் வாட்சின் வினாடி முள் உச்சியைத் தொட்ட கணத்தில்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

மனைவி ராபியாவின் குரல் மட்டும்தான் உள்ளே வந்தது. தலை கூரைக்கு வெளியே இருந்தது. கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் ஏறி, தகரத்தில் வெட்டியிருந்த ஓட்டை வழியாகக் கழுத்தை நீட்டியிருந்தாள். மழை அவள் தோளில் வழிந்து டின்னில் சொட்டியது.

"பதினெட்டு, பத்தொம்பது..."

"போதும்."

தலையை உள்ளே இழுத்து முகத்தைத் துடைத்தாள். "பத்தொம்பது."

"அப்ப முப்பத்தெட்டு மைல். பயமில்ல."

"நீங்க சொல்லிப்புட்டீங்க. கூரையும் சொல்லணும்லா?"

நாற்பத்தெட்டாம் வருஷம் நவம்பர் மாதம். விடிந்தும் விடியாத காலை. தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், கீழே தகரப் பட்டறை, மேலே பரண் மாதிரி ஒரு அறை. பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். மேலே, பாயில், அபுதாஹிரின் தங்கை மெஹராஜ் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளாக அவள் குழந்தை. பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை.

தங்குவதா, வெளியேறுவதா? இதுதான் கேள்வி. சந்து முனையில் கல்லால் கட்டிய தோல் கோடவுன் இருந்தது. அங்கே போய்விட்டால் கூரைப் பயம் கிடையாது. ஆனால் போகிற வழியெல்லாம் மழை. பச்சை உடம்பில் ஈரக்காற்று பட்டு ஜன்னி கண்டுதான் அபுதாஹிரின் மூத்த சகோதரி பீவி செத்துப்போனாள். அதற்கும் இப்படி ஒரு மழை நாளில் அவளை வீடு மாற்றியதுதான் காரணம். மாற்றலாம் என்று சொன்னவன் அபுதாஹிர். அதனால் இந்த முறை மனசு சொல்வதைக் கேட்பதாக இல்லை. கணக்கு சொன்னால் மட்டும் கேட்பான்.

கணக்குச் சொல்லும் எந்திரம் கூரைக்கு மேலே கம்பத்தில் இருந்தது. பழைய சைக்கிள் சக்கரத்தின் நடு ஹப் ஒன்று, அதில் நாலு மூங்கில் கை, ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை. ஹப்புக்கு மட்டும்தான் காசு. ஒரு சிரட்டைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். சிவப்பு ஒரு தடவை வந்து போனால் ஒரு சுற்று. முதலில் கையைச் சின்னதாக வைத்துப் பார்த்தான். கண்ணால் பிடிக்க முடியாத ஓட்டம் ஓடிற்று. ரெண்டடி நீளமாக்கியதும் எண்ணுகிற வேகத்துக்கு வந்தது. காற்றில்லாத ஒரு விடியலில் சிநேகிதன் நாகூர் கனியின் லாரி மேல் அதை நட்டு, சயான் ரோட்டில் பத்து, இருபது, முப்பது மைல் வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்தான். கால் நிமிஷத்துச் சுற்றை இரட்டித்தால் மைல் கணக்கு வந்தது. இத்தனை மைல் காற்றுக்குத் தாங்கும் என்று சொல்லிக் கூரை போட்டுக் கொடுத்தால் பட்டறைக்கு வேலை குவியும் என்பது அவன் திட்டம்.

போன ஆடியில் நாற்பத்திநாலு மைல் காற்று அடித்தபோது அவன் கூரை முனகியதே தவிர அசையவில்லை. ஐம்பது வரை தாங்கும் என்று முடிவு கட்டியிருந்தான். ஐம்பதென்றால் இருபத்தைந்து சுற்று.

எந்திரம் அவனுடையது என்றாலும் கண் ராபியாவுடையது. ஈயம் தெறித்து அவன் வலக்கண் மங்கியிருந்தது. அவள் மேலப்பாளையத்து அரிசிக்கடைக்காரர் மகள். அரிசி அளப்பவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவார்கள். ராபியா எதை எண்ணினாலும் அப்படித்தான். "காத்துல என்னளா லாபம்?" என்று அவன் கேலி செய்தால், "நஷ்டம்னு தொடங்கட்டா?" என்பாள்.

ஆடிக் காற்றில் சிரட்டை ஒன்று கழன்றபோது, மழையோடு மழையாக அவனே தகரத்தின் மேல் ஏறினான். சறுக்கிக் கைவண்டியில் விழுந்து, இடது முட்டி இன்னும் சரியாக மடங்கவில்லை. "கழண்டா மறுபடியும் ஏறுவேன். சிரட்டை இல்லாம கணக்கு ஏது?" என்று கட்டிலில் கிடந்தபடியே சொன்ன மனுஷன் அவன்.

அடுத்த கணக்கில் இருபத்திரண்டு சுற்று வந்தது.

"நாப்பத்திநாலு," என்றான்.

"காக்கா, மேல ஏதோ பேசுது," என்று அண்ணனைக் கூப்பிட்டாள் மெஹராஜ். ஆணிகள்தான் பேசின. தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்து மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு யாரோ வந்தார்கள். நாகூர் கனி.

"வே அபுதாஹிரு, கோடவுன தொறந்துட்டாங்க. சலோ, ஜல்தி."

"பிள்ளை பெத்தவள இந்த மழையில எப்படி வே தூக்கிட்டு வர?"

"தார்ப்பாய் கொண்டாந்திருக்கேன்லா."

"அம்பது தாண்டட்டும், வாரேன்."

"காத்து ஒம்மகிட்ட மைல் சொல்லிட்டுத்தான் வருமாக்கும்? வே, இன்னொண்ணு கேளும்..."

சந்தில் எங்கேயோ ஒரு தகரம் கிழிந்து பறந்தது. அந்த இரைச்சலில் கனியின் வாய் மட்டும் அசைந்தது, கை மேலே காட்டியது. தார்ப்பாயை ஏணி மேல் எறிந்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனான்.

அபுதாஹிர் தங்கையைப் பார்த்தான். மெஹராஜ் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். அவள் உதடு நடுங்கியது குளிரிலா, பயத்திலா என்று தெரியவில்லை. பீவியின் உதடும் அப்படித்தான் நடுங்கியது.

"இன்னும் ஒரு கணக்கு," என்றான்.

ராபியா டின் மேல் ஏறித் தலையை வெளியே விட்டாள். சற்று நேரம் சத்தமே இல்லை.

"தெரியுதா?"

"தெரியுது."

"எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." வேகம். மூச்சு விடாத வேகம். "பத்து, பதினொண்ணு..."

அவன் கண் முள்ளை விட்டு அகலவில்லை. இருபத்தைந்தைக் கேட்டபோது முள் இன்னும் கால் நிமிஷக் கோட்டைத் தொடவில்லை.

"இருபத்தேழு, இருபத்தெட்டு."

"போதும். அம்பத்தாறு." வாட்சைச் சட்டைப் பைக்குள் திணித்தான். "கனி, ஓடி வாரும்."

அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. மெஹராஜைத் தார்ப்பாயில் சுற்றிக் கனி தூக்கிக்கொண்டான். குழந்தை ராபியாவின் சேலைக்குள், அவள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. அபுதாஹிர் நொண்டியபடி பின்னால் வந்தான். சந்தில் இறங்கியதும் எந்திரத்தைப் பார்க்கத் திரும்பினான்.

"மேல பாக்காதீங்க. காலப் பாத்து வாங்க," என்று ராபியா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

கோடவுனுக்குள் சுண்ணாம்பும் தோலும் நாறின. அந்த நாற்றம் அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. உலர்ந்த தோல் கட்டின் மேல் மெஹராஜைப் படுக்க வைத்தார்கள். தார்ப்பாய்க்குள் அவள் உடம்பு காய்ந்துதான் இருந்தது.

கம்பி வைத்த ஜன்னலில் அபுதாஹிர் நின்றிருந்தபோது அது நடந்தது. அவன் கூரை முழுசாக, ஒரே தகடாக எழுந்தது. நடுவில் மடங்கிற்று. பிறகு சந்தின் மேலாகப் பறந்து போயிற்று. மெஹராஜின் பாய் இருந்த பக்கமாக உத்தரம் உள்ளே சரிந்தது.

அவன் ஒரு தோல் கட்டின் மேல் உட்கார்ந்தான். சற்றுக் கழித்துப் பெருமை வந்தது.

"அம்பத்தாறு மைல். கணக்கு சொல்லிட்டுல்லா? நாலு சிரட்டை, வே. உசுரக் காப்பாத்திட்டு."

"சிரட்டையா?" கனி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கதவு மூலையிலிருந்து எதையோ இழுத்து வந்து அவன் காலடியில் போட்டான். சைக்கிள் ஹப். முறிந்த இரண்டு மூங்கில் கை. ஒன்றின் நுனியில் சிவப்புச் சிரட்டை.

"இது இந்த வாசல்ல வந்து விழுந்ததப் பாத்துட்டுத்தான் ஒம்மக் கூப்பிட ஓடி வந்தேன். கத்துனேனே, கேக்கலியா?"

அபுதாஹிர் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கூப்பிட வரும்போதே விழுந்துட்டா? அதுக்குப் பெறகுல்லா கடைசிக் கணக்கு எடுத்தோம்."

ராபியா சேலை முந்தானையால் குழந்தையின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, இருபத்தெட்டுன்னியே. எத எண்ணுன?"

"மொட்டக் கம்பந்தான் நின்னுது." அவள் நிமிரவில்லை. "போயிட்டுன்னு சொல்லியிருந்தா நீங்க தகரத்து மேல ஏறியிருப்பீங்க."

அவன் ஏறித்தான் இருப்பான். அந்தக் கடைசிக் கணக்கு மட்டும் காதில் முதலிலிருந்து ஓடியது.

"அதான் ஒண்ணுன்னு தொடங்குனியா?"

"பொய்க் கணக்குல்லா," என்றாள் ராபியா. "அதுக்கு லாபம்னு சொல்ல வாய் வரல்ல."