குளிர்கால அழுக்கு

கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள் சோல்மா. ஆனால் எதையும் பார்ப்பதில்லை. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாளாக அந்த ஏழு வயது வயிறு தண்ணீராய்ப் போய்க்கொண்டிருக்க, அம்மா நோர்ஜ்மாவிடம் நாத்தனார் தோல்கோர் இன்னொரு கிண்ணம் ஐராக்கை நீட்டினாள்.

புளிக்கவைத்த குதிரைப்பால். கோடையின் முதல் கிண்ணம் வயிற்றைக் கலக்கும். குளிர்காலம் முழுக்கத் தின்ற இறைச்சியின் அழுக்கு அதோடு கழன்றுவிடும் என்பதில் அந்தப் புல்வெளியில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கூட எட்டிப் பார்த்து, "நல்லாப் போகுதா? போகட்டும், போகட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிக்க வந்துவிட்டார், பெரிய வைத்தியர்!

"இதையும் குடிக்கட்டும் நோர்ஜ்மா. பாதியில நிறுத்தினா அழுக்கு உள்ளயே தங்கிடும்."

"மூணு நாளா என்ன அழுக்கு அண்ணி? இவ இருக்கிறதே ஒரு பிடி. உள்ள எத்தனை ஆட்டை ஒளிச்சு வெச்சிருக்கா?"

"பள்ளிக்கூட விடுதியில தின்ன வயிறு. ஜாஸ்திதான் இருக்கும்."

நோர்ஜ்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிண்ணத்தைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே விசிறிக் கொட்டினாள். பாலைத் தரையில் கொட்டுவது பாவம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கணவன் குதிரைகளோடு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். காத்திருக்க முடியாது. பிள்ளையைத் தன் முதுகோடு இடைக்கச்சையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தாள். தோல்கோர் கரண்டியும் பாலுமாக ஓடிவந்து, பயணம் போகிறவர்களுக்குத் தெளிப்பதுபோல் பின்னாலேயே தெளித்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அதையும் நீங்களே குடிங்க!" என்று திரும்பாமலே கத்தினாள் நோர்ஜ்மா.

டவுன் ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்பார். மூன்று நாள் என்று எந்த வாயால் சொல்வது? வழியெல்லாம் நாத்தனாரைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டத் திட்ட வேறொன்று நினைவுக்கு வந்தது. முதல் நாள் சோல்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியபோது, "அப்படிப் போடு, கழுவ ஆரம்பிச்சிடுச்சு!" என்று கைதட்டி இரண்டாம் கிண்ணத்தை ஊற்றிக் கொடுத்தது நாத்தனார் இல்லை.

முதுகில் சின்ன அசைவு. கழுத்தருகே சூடான மூச்சு.

"அம்மா... நான் சுத்தமாயிட்டேனா?"

நோர்ஜ்மா வண்டியை முறுக்கினாள். மேட்டுக்குப் பின் மேடாகப் புல்தான் வந்துகொண்டிருந்தது. டவுனின் ஒரு கூரைகூட இன்னும் தெரியவில்லை.